பெடல் உதறினால் காலை எடுக்காதீர்கள்: ஏபிஎஸ், இஎஸ்சி, டிராக்‌ஷன் கன்ட்ரோல் பற்றி ஒரு முழு வழிகாட்டி

சித்திரை மாதம், மண்டையைப் பிளக்கிற வெயில் அடித்து ஓய்ந்த ஒரு சாயங்காலம். நாலு மணிக்கு மேல் திடீரென்று கோடை மழை. அழகர்கோவில் ரோட்டில் அப்பன்திருப்பதி தாண்டி மதுரையை நோக்கி வந்துகொண்டிருந்தேன். வேகம் 60 இருக்கும். கண்மாய்ப் பக்கமிருந்து ஓர் எருமை சாவகாசமாக ரோட்டில் ஏறியது. பிரேக்கை மிதித்தேன். காலுக்கடியில் பெடல் கடகடவென்று உதறியது. ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்துச் சட்டென்று காலை எடுத்துவிட்டேன்.

உடையவில்லை. ஓங்கி பிரேக் மிதித்தாலும் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடாதபடி பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கெடுத்தது நான்தான். 60 கிலோமீட்டர் வேகத்தில் அரை விநாடி காலை எடுத்தால் வண்டி 8 மீட்டர் தாண்டிவிடும். மறுபடி மிதித்து, வண்டி நின்றபோது எருமையின் வாலுக்கும் என் பம்பருக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் லாரி ஓட்டிய மாமா. பழைய அம்பாசிடரில்தான் பழக்கினார். "மழையில ஒரே மிதியா மிதிக்காதடா மாப்ள, விட்டு விட்டு மிதி" என்பார். அந்த வண்டிக்கு அது வேதவாக்கு. இன்றைய வண்டிக்கு அதுவே ஆபத்து. மதுரையைச் சுற்றி வண்டி ஓட்டும் பலருடைய காலில் இன்னும் அந்தப் பழைய பாடம்தான் இருக்கிறது. வண்டி மாறிவிட்டது, கால் மாறவில்லை. காலை எப்படி மாற்றுவது என்பதுதான் இந்த வழிகாட்டி.

முதலில், வழுக்கல் என்றால் என்ன

வண்டியூர் தெப்பக்குளத்தில் தண்ணீர் நிற்கும்போது பாசி படிந்த படியில் கால் வைத்துப் பாருங்கள். கால் பதிந்திருக்கிறவரை நினைத்த பக்கம் திரும்பலாம். சறுக்க ஆரம்பித்துவிட்டால் இடமா வலமா என்பது உங்கள் கையில் இல்லை. டயரும் அப்படித்தான். உருண்டுகொண்டிருக்கும் டயருக்குத் திசை உண்டு. லாக் ஆகி, அதாவது சுற்றாமல் நின்று, இழுபடும் டயருக்குத் திசை கிடையாது. ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி நேராகத்தான் போகும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தார் ரோட்டில் டயருக்குப் பிடி அதிகமாகக் கிடைப்பது சும்மா உருளும்போது அல்ல. முழுக்க லாக் ஆகும்போதும் அல்ல. வண்டியின் வேகத்தைவிடச் சக்கரம் சுமார் 10 முதல் 20 சதவீதம் மெதுவாகச் சுற்றும்போதுதான். அந்தக் குறுகிய இடத்தில் நிற்கிற மாதிரி பிரேக்கை அளந்து மிதிக்க, நாலு சக்கரத்துக்கும் தனித்தனியாக அளந்து மிதிக்க, மனிதக் காலால் முடியாது. மாமாவின் "விட்டு விட்டு மிதி" அதைக் கிட்டத்தட்டச் செய்யப் பார்த்த ஒரு கைமுறை வைத்தியம்.

ஏபிஎஸ் அதே வேலையை ஒரு விநாடிக்குள் பல முறை செய்கிறது. ஒவ்வொரு சக்கரத்திலும் பல் வைத்த வளையமோ காந்த வளையமோ இருக்கும். பக்கத்தில் ஒரு சென்சார். ஒரு சக்கரம் மட்டும் திடீரென்று வேகம் குறைந்து நிற்கப் போகிறது என்று தெரிந்ததும், அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தை வால்வு குறைக்கும். சக்கரம் உருண்டதும் மறுபடி ஏற்றும். அந்த ஏற்ற இறக்கம்தான் உங்கள் காலில் உதறலாகத் தெரிகிறது. பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் 1978-ல் மெர்சிடிஸ் காரில் வந்தது. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் விற்கும் எல்லாக் கார்களிலும் கட்டாயம். ஆக, அதற்குப் பிறகு வாங்கிய கார் என்றால் உங்களிடமும் இருக்கிறது.

படி 1: உங்கள் வண்டியில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்

சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். மீட்டர் போர்டில் மஞ்சளும் சிவப்புமாகச் சில விளக்குகள் எரியும். வட்டத்துக்குள் ஏபிஎஸ் என்று எழுதிய மஞ்சள் விளக்கு ஒன்று. கார் பின்னால் பாம்பு நெளிவது போல் இரண்டு கோடு போட்ட மஞ்சள் விளக்கு இருந்தால், வண்டி சறுக்கித் தடம் மாறாமல் பிடிக்கும் இஎஸ்சி உங்கள் வண்டியில் இருக்கிறது. இதற்குக் கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும்: இஎஸ்பி, விஎஸ்சி, விஎஸ்ஏ, டிஎஸ்சி. எல்லாம் ஒரே சரக்கு. இந்த இரண்டு மஞ்சள் விளக்கும் சில விநாடியில் அணைய வேண்டும். அணைந்தால் நலம். எரிந்துகொண்டே இருந்தால் என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். எரியவே இல்லை என்றாலும் சந்தேகப்படுங்கள். பழைய கார் வாங்குகிறவர்கள் முக்கியமாக. கோளாறை மறைக்க விளக்கையே பிடுங்கிவிட்டு விற்கிற மகானுபாவர்கள் உண்டு.

பல வண்டிகளில், காலையில் கிளம்பிக் கொஞ்சம் வேகம் எடுத்ததும் முன்பக்கம் "டொக்" என்று ஒரு சின்னச் சத்தம் வரும். ஏபிஎஸ் மோட்டார் தன்னைத்தானே சோதித்துப் பார்க்கிறது. பயப்பட வேண்டாம்.

ஏபிஎஸ்ஸுடன் ஒட்டிப் பிறந்த இன்னும் இரண்டு இருக்கின்றன. இபிடி என்பது முன் சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக், பின் சக்கரத்துக்கு எவ்வளவு என்று பாரத்தைப் பொறுத்துப் பங்கு பிரிப்பது. நீங்கள் மட்டும் தனியாகப் போவதும், ஐந்து பேரோடு டிக்கியில் சீர்வரிசைப் பாத்திரத்தையும் ஏற்றிக்கொண்டு போவதும் அதற்கு ஒன்றல்ல. பிரேக் அசிஸ்ட் என்பது சில வண்டிகளில் மட்டும். பதறும்போது நாம் பெடலை வேகமாக மிதிப்போம், ஆனால் முழு அழுத்தம் கொடுக்க மாட்டோம். அந்த வேகத்தை வைத்தே "இது அவசரம்" என்று புரிந்துகொண்டு மீதி அழுத்தத்தை அதுவே கொடுக்கும்.

படி 2: டயரைக் குனிந்து பாருங்கள்

இதில் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறோம். பத்து லட்சத்துக்குக் கார், அதில் ஆறு ஏர்பேக், இஎஸ்சி எல்லாம் இருக்கும். டயர் மொழுமொழுவென்று தேய்ந்திருக்கும்.

ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடுவது கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை அளவு இடத்தில்தான். நாலு டயருக்கு நாலு உள்ளங்கை. மேலே இருக்கிற அத்தனை எலெக்ட்ரானிக்ஸும் அந்த நாலு உள்ளங்கைப் பிடியைப் பங்கிட்டுக் கொடுக்கலாமே தவிர, இல்லாத பிடியை உண்டாக்க முடியாது. ஏபிஎஸ் என்பது கணக்குப்பிள்ளை. பெட்டியில் பணம் இருந்தால்தான் அவருக்கு வேலை.

டயரின் பட்டனுக்கு, அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் மேட்டுக்கு, நடுவில் உள்ள பள்ளத்தில் அங்கங்கே குறுக்கே சின்ன மேடு இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், மாற்ற வேண்டியதுதான். மழைக்காலத்துக்கு என்றால் 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்ததுமே மாற்றிவிடுவது என் பழக்கம். பள்ளம் எதற்கு? தண்ணீரை வெளியே தள்ள. தள்ள இடம் இல்லையென்றால் டயர் தண்ணீரின் மேல் ஏறி மிதக்கும்.

பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. ஓடாமல் வாசலில் நின்ற வண்டியாக இருந்தாலும் நம்மூர் வெயிலில் ரப்பர் இறுகி வெடிப்பு விடும். பட்டன் புதிதாகத் தெரிகிறதே என்று ஏமாறக் கூடாது. காற்று, காலையில் டயர் சூடேறுமுன் பார்க்க வேண்டும். எவ்வளவு என்பது டிரைவர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும். பங்க் பையன் சொல்வது அல்ல. இன்னொன்று: நாலும் ஒரே அளவாக இருக்கட்டும். ஒன்று மட்டும் வேறு சைஸ் என்றால் அது சுற்றும் வேகமே வேறு. சென்சார் அதை வழுக்கல் என்று தப்பாக எடுத்துக்கொள்ளும்.

பிரேக் ஆயிலையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. தண்ணீர் ஏறிவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொடைக்கானல் இறக்கத்தில் அது கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், பிரேக் இருக்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள். மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்புவது மாற்றுவது ஆகாது.

படி 3: பிளாட் போட்ட இடத்துக்குப் போங்கள்

மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் பிளாட் போட்டிருப்பார்கள். கலர் கொடி, வண்ணக் கல், அருமையான தார் ரோடு, ஒரு வீடு கிடையாது. முதலீடு செய்தவர்களுக்கு எப்படியோ, ஏபிஎஸ் பழக இதைவிட நல்ல இடம் இல்லை. இடத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ரிங் ரோட்டிலோ நான்குவழிச் சாலையிலோ இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் பாடம் படிப்பது தெரியாது.

அக்கா மகளுக்குப் போன ஐப்பசியில் இப்படித்தான் பழக்கினேன். முதல் நாள் இரவு மழை பெய்திருந்தது, ரோடு ஈரம். விடியற்காலை ஆறு மணி, ஆள் இல்லை. டிக்கியைக் காலி செய்தேன். சீட்டில் கிடந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துவிட்டேன். பாட்டில் உருண்டு பெடலுக்கு அடியில் போனால் ஏபிஎஸ்ஸும் இல்லை, எதுவும் இல்லை. ஓரமாக ஒரு கல்லை வைத்து, "இந்தக் கல்லு வந்ததும் மிதி" என்றேன்.

முதல் முறை 40-ல் வந்து மெதுவாக மிதித்தாள். வண்டி சாதாரணமாக நின்றது. "இப்படி இல்ல தாயி. பெடல ஒடைக்கிற மாதிரி மிதி. கிளட்சும் சேத்து."

இரண்டாவது முறை ஓங்கி மிதித்தாள். கடகடவென்று சத்தம். நான் எதிர்பார்த்தபடியே காலை எடுத்தாள்.

"என்ன மாமா, பெடல் தள்ளுது! ஒடஞ்சிருச்சா?"

"ஒடையல. அது தள்ளும். நீ விடாத, அமுக்கிக்கிட்டே இரு."

நாலாவது முறைதான் வண்டி முழுக்க நிற்கும்வரை காலை எடுக்காமல் இருந்தாள். அதற்குப் பிறகு இன்னும் ஆறு முறை செய்தோம். கடைசி மூன்றில், மிதித்துக்கொண்டே கல்லைச் சுற்றி வலப்பக்கம் ஒடிக்கச் சொன்னேன். ஏபிஎஸ்ஸின் முழு மகிமையும் அங்கேதான். பிரேக்கும் பிடிக்கிறது, வண்டியும் திரும்புகிறது. ஒடிக்கும்போது கல்லைப் பார்க்கக் கூடாது, போக வேண்டிய காலி இடத்தைப் பார்க்க வேண்டும். கண் போகிற பக்கம்தான் கை போகும்.

மனதில் வைக்க வேண்டியது மூன்றே வார்த்தை: மிதி, விடாதே, திருப்பு. மாமாவின் பாடத்தை மறப்பதற்கு எனக்கு ஒரு எருமை தேவைப்பட்டது. அவளுக்குப் பத்து முறை மிதித்ததில் முடிந்துவிட்டது.

படி 4: ஏபிஎஸ் எங்கே கைவிடும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஏபிஎஸ் இருந்தால் சீக்கிரம் நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஈரத் தாரில் பெரும்பாலும் சரி. ஆனால் அதன் முதல் வேலை தூரத்தைக் குறைப்பது அல்ல, ஸ்டீயரிங்கை உங்கள் கையில் வைத்திருப்பது.

கணக்கு இப்படிப் போகும். காய்ந்த நல்ல ரோட்டில் 60-ல் முழு பிரேக் மிதித்தால் நிற்பதற்குச் சுமார் 20 மீட்டர். 80-ல் 36 மீட்டர். ரோடு ஈரமாகிப் பிடி பாதிக்குப் பக்கமாகக் குறைந்தால் 60-லேயே 35 மீட்டர், 80-ல் 63. இது மிதித்த பிறகு. பார்த்து, புரிந்து, மிதிக்க ஒரு விநாடி ஆகும் என்றால் 80-ல் இன்னொரு 22 மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். ஏபிஎஸ் இந்தக் கணக்கை மாற்றாது. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நாலு மடங்கு. அதை எந்தக் கம்பெனியும் மாற்ற முடியாது.

இதிலும் முதல் மழை மோசம். மாதக்கணக்கில் ரோட்டில் சிந்திய ஆயிலும் தூசியும் முதல் பத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீரோடு குழைந்து பசையாக நிற்கும். நன்றாக அடித்துக் கழுவிய பிறகு கொஞ்சம் பிடி திரும்பும். கோடை மழைக்குத் தூறல் போட்டதும் எல்லாரும் நனையாமல் வீடு சேர வேகம் எடுப்பார்கள். எடுக்கக் கூடாத நேரம் அதுதான்.

மண், ஜல்லி, மணல் மேல் ஏபிஎஸ் நிற்க அதிக தூரம் எடுக்கும். லாக் ஆன சக்கரமாக இருந்தால் முன்னால் மண்ணைக் குவித்து அதிலேயே முட்டி நின்றுவிடும். ஏபிஎஸ் உருட்டிக்கொண்டே இருப்பதால் அந்தக் குவியல் சேராது. மேலூர்ப் பக்கம் டிப்பர் லாரி சிந்திய எம்-சாண்ட் மேல் இதை உணரலாம். அதைவிட எனக்குப் பயம் தானியம். அறுவடைக் காலத்தில் பேரையூர், கல்லுப்பட்டிப் பக்கம் ரோட்டையே களமாக்கிச் சோளத்தையும் உளுந்துச் செடியையும் காயப் போட்டிருப்பார்கள். வண்டி ஏறி மிதித்தால் மணி உதிருமே! அவர்களைக் குறை சொல்லவில்லை, களம் இல்லாத ஊரில் வேறு வழி என்ன. ஆனால் உருண்டை மணி மேல் டயர் என்பது கோலிக்குண்டு மேல் கால் வைத்த மாதிரி. அங்கே ஏபிஎஸ்ஸுக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. ஏறுமுன்னே வேகத்தைக் குறைத்துவிட்டு, ஏறிய பிறகு பிரேக்கும் தொடாமல் ஸ்டீயரிங்கும் ஒடிக்காமல் உருட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

நான்குவழிச் சாலையில் ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கிய இடத்தில் ஸ்டீயரிங் திடீரென்று வெண்ணெய் மாதிரி லேசாகிவிட்டால், டயர் மிதக்கிறது என்று அர்த்தம். ஓங்கி பிரேக் மிதிக்காதீர்கள். ஆக்சிலேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருங்கள். டயர் தரையைத் தொட்டதும் கைக்குக் கனம் திரும்பும். வேகத்தைத் தானே பிடித்து வைக்கும் குரூஸ் கன்ட்ரோலை மழையில் போடவே வேண்டாம்.

முன் வண்டிக்கு இடைவெளி: முன்னால் போகும் லாரி ஒரு போர்டைத் தாண்டியதும் எண்ணத் தொடங்குங்கள். நீங்கள் அந்தப் போர்டுக்கு வர வெயிலில் இரண்டு விநாடி, மழையில் நாலு விநாடியாவது ஆக வேண்டும். அந்த இடைவெளியில் ஒரு ஷேர் ஆட்டோ நுழையும். நுழையட்டும். மறுபடி எண்ணுங்கள்.

படி 5: வளைவில் இஎஸ்சி என்ன செய்கிறது

சித்திரைத் தேர் மாசி வீதி முனையில் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இஎஸ்சியை விளக்க இரண்டு நிமிடம் போதும். தேருக்கு ஸ்டீயரிங் ஏது? முட்டுக்கட்டை போடுகிறவர் ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டையைக் கொடுப்பார். அந்தச் சக்கரம் தயங்கும், மற்றவை உருளும், அவ்வளவு பெரிய தேர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பும். இஎஸ்சி செய்வதும் இதே முட்டுக்கட்டை வேலைதான். ஒரே ஒரு சக்கரத்துக்கு பிரேக் கொடுத்து வண்டியின் முகத்தைத் திருப்புகிறது.

நீங்கள் ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்திருக்கிறீர்கள் என்று ஒரு சென்சார் சொல்லும். வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்று இன்னொரு சென்சார் சொல்லும். இரண்டும் ஒத்துப்போனால் அது வாயே திறக்காது. ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டு கதை. இடப்பக்க வளைவில் நீங்கள் ஒடித்தும் முன்பக்கம் திரும்பாமல் நேராக இழுத்துக்கொண்டு போகிறதா, உள்பக்கப் பின் சக்கரத்துக்கு, அதாவது இடது பின் சக்கரத்துக்கு பிரேக் கொடுத்து வண்டியை உள்ளே இழுக்கும். பின்பக்கம் வெளியே வீசிக்கொண்டு வண்டி பம்பரமாகச் சுற்றப் போகிறதா, வெளிப்பக்க முன் சக்கரத்துக்கு, வலது முன் சக்கரத்துக்கு பிரேக் கொடுத்து நேராக்கும். கூடவே எஞ்சின் இழுவையையும் குறைக்கும். அந்த நேரம் மீட்டர் போர்டில் பாம்பு விளக்கு கண்ணடிக்கும். பல பேர் வண்டி ஓட்டும் ஆயுள் முழுக்க அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். நீங்கள் அடிக்கடி பார்க்கிறீர்கள் என்றால் விளக்கில் தப்பில்லை.

இது 1995-ல் பெரிய மெர்சிடிஸ் கார்களில் தொடங்கியது. 1997-ல் அதே கம்பெனியின் சின்ன ஏ-கிளாஸ் கார், சுவீடனில் ஒரு பத்திரிகை நடத்திய சட்டென்று விலகும் சோதனையில் கவிழ்ந்தது. அதன் பிறகு அந்தக் காரில் எல்லா ரகத்துக்கும் இதைக் கட்டாயமாகப் பொருத்தினார்கள். சின்னக் காருக்கும் இது வேண்டும் என்று உலகம் நம்பியது அப்போதுதான். இங்கே 2023 அக்டோபரில் வந்த, கார்களின் பாதுகாப்புக்கு ஸ்டார் கொடுக்கும் பாரத் என்கேப் சோதனையில் 3 ஸ்டாரும் அதற்கு மேலும் வாங்க இஎஸ்சி இருந்தாக வேண்டும். புதுக் கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சன்ரூஃபா இஎஸ்சியா என்று வந்தால், மதுரை வெயிலில் சன்ரூஃபைத் திறந்து என்ன செய்யப் போகிறீர்கள்?

அளவு தெரியாமல் நம்பவும் கூடாது. சிறுமலைக்கு ஏறும் 18 கொண்டை ஊசி வளைவில் ஒன்றில் 40-ல் திரும்ப முடிவதை 60-ல் திருப்ப டயர் இரண்டேகால் மடங்கு பிடி கொடுக்க வேண்டும். இல்லாத பிடியை இஎஸ்சி எங்கிருந்து கொண்டுவரும்? வளைவுக்கு முன்னாலேயே நேர் ரோட்டில் பிரேக் பிடித்துக் குறைத்துவிட்டு, வளைவில் சீராகப் போவதுதான் முறை.

மலை இறக்கத்துக்கு எந்த எலெக்ட்ரானிக்ஸும் கியருக்கு மாற்று இல்லை. கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது, எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவதைப்போல முட்டாள்தனம் வேறில்லை. பிரேக் காய்ந்து கருகல் வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது ஹில் ஹோல்டு வண்டியைச் சுமார் இரண்டு விநாடி பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்ளும். அதற்குள் கிளம்பியாக வேண்டும். அதை ஹேண்ட் பிரேக் என்று நினைத்துவிடாதீர்கள்.

படி 6: சேற்றில் டிராக்‌ஷன் கன்ட்ரோல்

ஏபிஎஸ் நிற்கும்போது செய்வதை, இது கிளம்பும்போது செய்கிறது. சாதாரண வண்டியில் இழுவை, சுலபமாகச் சுற்றும் சக்கரத்துக்கே போய்ச் சேரும். ஒரு சக்கரம் சேற்றில், இன்னொன்று கல்லில் என்றால் சேற்றில் இருப்பதுதான் வீணாகச் சுற்றும். டிராக்‌ஷன் கன்ட்ரோல் சுற்றும் சக்கரத்துக்கு பிரேக் போடும். இழுவை மற்றதற்குப் போகும். எஞ்சின் வேகத்தையும் குறைக்கும்.

இந்தக் கடைசி விஷயம்தான் சில நேரம் தொல்லை. கண்மாய்க் கரைச் சேற்றிலோ வைகை மணலிலோ முழுக்கப் புதைந்துவிட்டால் வெளியே வரக் கொஞ்சம் சக்கரம் சுற்றத்தான் வேண்டும். இது எஞ்சினை அமுக்கிவிடும், வண்டி மூச்சு விடாது. அப்போது மட்டும் அந்தப் பாம்புப் படம் போட்ட பட்டனை அமுக்கி அணைத்துவிட்டு, இரண்டாவது கியரில் மெதுவாக எடுங்கள். ரோடு ஏறியதும் மறக்காமல் ஆன் செய்யுங்கள்.

பைக்காரர்களுக்கு

125 சிசிக்கு மேல் உள்ள பைக்குகளில் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். ஆனால் அது முன் சக்கரத்துக்கு மட்டும் இருந்தாலும் அந்த விதிப்படி போதும். சிங்கிள் சேனல் என்பார்கள். அதில் பின் சக்கரம் லாக் ஆகி வண்டி வாலாட்டும். அதனால் மழையில் பின் பிரேக்கை மட்டும் நம்பாமல் முன் பிரேக்கை விரலால் இறுக்கிக்கொண்டே போக வேண்டும், வெடுக்கென்று பிடிக்கக் கூடாது. "முன் பிரேக் பிடிச்சா தூக்கி எறிஞ்சிரும்" என்று பயந்து அதைத் தொடாதவர்கள் ஊரில் பாதிப் பேர். வண்டி நிற்கும்போது பாரமெல்லாம் முன்னால்தான் வரும், பிடியும் அங்கேதான்.

125 வரை உள்ள ஸ்கூட்டருக்கும் மொபெட்டுக்கும் அந்த 2019 விதிப்படி சிபிஎஸ் இருந்தால் போதும் என்று இருந்தது. ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்துக்கும் போகும், ஆனால் லாக் ஆவதைத் தடுக்காது. மாட்டுத்தாவணியிலிருந்து விடியற்காலையில் மல்லிகை மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு மொபெட்டில் பறக்கிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். சாய்ந்து திரும்பும்போது ஓங்கி பிரேக் பிடித்தால் சாதாரண ஏபிஎஸ் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். சாய்வைக் கணக்கில் எடுக்கும் ரகம் விலை உயர்ந்த பைக்குகளில் மட்டும்.

படி 7: விளக்கு அணையவில்லை என்றால்

ஏபிஎஸ் மஞ்சள் விளக்கு மட்டும் எரிகிறதா? சாதாரண பிரேக் இருக்கும், ஏபிஎஸ் இருக்காது. மாமாவின் பாடம் அப்போதுதான் திரும்ப உதவும். மெதுவாக ஓட்டி ஒர்க்‌ஷாப் போய்ச் சேரலாம். அதோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் முதலில் ஹேண்ட் பிரேக்கை விட்டீர்களா என்று பாருங்கள். விட்டும் எரிந்தால் ஓரமாக நிறுத்துங்கள். பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், இபிடியும் போயிருக்கலாம். அந்த நிலையில் ஓங்கி மிதித்தால் பின் சக்கரம் முதலில் லாக் ஆகும்.

ஒர்க்‌ஷாப் போனால் முதலில் ஸ்கேனர் போட்டு எந்தச் சக்கரம் என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் சென்சாரில் சேறு, அறுந்த வயர், பேரிங் மாற்றியபோது வந்த கோளாறு என்றுதான் இருக்கும். சில பேரிங்கில் ஒரு முகத்தில்தான் காந்த வளையம் இருக்கும். அதைத் திருப்பி மாட்டிவிட்டால் சென்சாருக்கு ஒன்றும் தெரியாது.

என் வண்டியில் ஒரு மார்கழியில் விளக்கு எரிந்தது. ஓர் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரே போடாமல், ஏபிஎஸ் யூனிட் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று நாற்பதாயிரத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். தெருமுனையில் இருக்கிற வயரிங்காரர் ஜாக்கி போட்டுத் தூக்கி, டார்ச் அடித்து, இடது பின் சக்கரத்துக்குப் போகும் வயரைக் காட்டினார். எலி கடித்து இரண்டு கம்பியும் பல் தெரிய நின்றன. பற்ற வைத்து, டியூப் போட்டுச் சுருக்கி, விளக்கு அணைந்ததைக் காட்டிவிட்டு முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

"சார், வண்டிய ராத்திரி வேப்பமரத்தடியில விடாதீங்க. அங்க சாக்கடை மூடி ஒடஞ்சிருக்கு, எலி அதுலேருந்துதான் வருது" என்றார். இப்போது வண்டி எதிர்ப்பக்கம் நிற்கிறது. வெயில் கொஞ்சம் அதிகம்.